பேரரசரின் கையில் ஒரு வல்லூறு

கி.பி. 1191ஆம் ஆண்டு. அக்கா நகரைச் சிலுவைப் படைகள் முற்றுகையிட்டிருந்தன. அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் பிரான்சு நாட்டு மன்னர் பிலிப் கப்பலில் வந்திறங்கினார். படையோடும் போர்க்கருவிகளோடும் அவர் கொண்டு வந்தவற்றுள் ஒன்று, காண்பதற்கரிய வெண்ணிறப் பெரு வல்லூறு. அது ஒருநாள் மன்னரின் கையை விட்டெழுந்து பறந்து, நகரின் மதில்மேல் போய் அமர்ந்தது. முஸ்லிம் வீரர்கள் அதனைப் பிடித்து ஸுல்தான் ஸலாஹுத்தீனிடம் அனுப்பி வைத்தனர். ஆயிரம் தீனார் தருகிறோம், பறவையைத் திருப்பித் தருக என்று பிராங்கியர் வேண்டினர். வேண்டுகோள் மறுக்கப்பட்டது. ஸுல்தானுடன் பாசறையில் இருந்த காழி பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத், போர்ச் செய்திகளுக்கிடையே இதனையும் மறவாது எழுதி வைத்துள்ளார்.

நாடும் உயிரும் பணயமாய் நின்ற வேளையில் ஒரு பறவைக்கு இத்துணை மதிப்பா என்று நமக்குத் தோன்றும். அக்காலத்தவர்க்கு அப்படித் தோன்றவில்லை. வேட்டைப் பறவையும் வேட்டை நாயும், இரு தரப்பாரும் ஐயமின்றிப் புரிந்துகொண்ட ஒரு மொழியாக இருந்தன.

இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் நடந்த நிகழ்ச்சியொன்றை, ஷைஸர் கோட்டையின் வீரரும் புலவருமான உஸாமா இப்னு முன்கித் தம் நினைவு நூலில் கூறுகிறார். டமாஸ்கஸின் அமீர் முயீனுத்தீனுடன் அவர் அக்காவுக்குச் சென்று, பிராங்கிய மன்னர் புல்க்கைக் கண்டார். அங்கே ஜெனோவா நாட்டவன் ஒருவன் பெரிய வேட்டைப் பறவையொன்றும் பெண் நாயொன்றும் வைத்திருந்தான். பறவையைப் பெருங்கொக்குகளின்மீது ஏவினால், நாய் தரையில் அதன் கீழாகவே ஓடும். பறவை கொக்கைப் பற்றித் தரைக்குக் கொண்டு வந்த கணமே நாய் அதனைக் கவ்விக்கொள்ளும். கொக்கு தப்ப வழியில்லை. அமீர் வியந்து கேட்க, மன்னர் பறவையையும் நாயையும் அந்த ஜெனோவாக்காரனிடமிருந்து வாங்கி அவருக்கே அளித்துவிட்டார். டமாஸ்கஸ் வந்து சேர்ந்தபின் அப்பறவை நீண்ட நாள் வாழவில்லை. ஒரு வேட்டையும் ஆடாமலே இறந்தது. அந்த ஜெனோவாக்காரன் என்ன நினைத்தான் என்பதை உஸாமா எழுதவில்லை!

முஸ்லிம்களிடத்தில் இக்கலை வெறும் அரச விளையாட்டாக மட்டும் இருக்கவில்லை. பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை இறைவன் திருப்பெயர் கூறி உண்ணலாம் என அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆவது வசனம் அனுமதிக்கிறது. அப்படியாயின் பயிற்சி பெற்றது எது என்ற வினா எழுகிறதன்றோ? நாயானால் தான் பிடித்ததைத் தின்னாமல் எசமானனுக்காக வைத்திருக்க வேண்டும். பறவையானால் அழைத்தவுடன் திரும்பி வந்தால் போதும் என்று ஹனபி மத்ஹபின் அறிஞர்கள் வகுத்தனர். பறவையை அடித்துத் திருத்த இயலாது என்ற நடைமுறை அறிவு இதில் தெரிகிறது. உஸாமாவின் தந்தையாரோ, தம் பொழுதை வேட்டைக்கும் திருமறையைத் தம் கையாலேயே படியெடுப்பதற்கும் பகிர்ந்து கொடுத்தவர்.

இந்த அறிவு ஐரோப்பாவில் நூல் வடிவம் பெற்றதற்குக் காரணமானவர் இரண்டாம் பிரடரிக். 1194இல் பிறந்து, அரபு மொழி வழங்கிய பலெர்மோ நகரில் வளர்ந்து, 1220இல் பேரரசராக முடிசூடியவர். போப்பாண்டவரால் சமயத்திலிருந்து விலக்கப்பட்ட நிலையிலேயே கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, 1229இல் எகிப்தின் ஸுல்தான் அல்மலிக்குல் காமிலுடன் போரின்றி உடன்படிக்கை செய்துகொண்டவர். இவரை முஸ்லிம்களின் உற்ற நண்பர் என்று புகழ்ந்தெழுதுவோர் உண்டு. அது பாதி உண்மையே. சிசிலித் தீவில் கிளர்ந்தெழுந்த முஸ்லிம்களை ஒடுக்கி, இத்தாலிப் பெருநிலத்து லூசேராவுக்குக் குடிபெயர்த்தவரும் இவரே. தம் சமயத்தைப் பின்பற்ற அங்கே அவர்களை விட்டுவைத்தார் என்பதும் மெய். அவருக்குப் பின் வந்த அஞ்சு மரபினர் 1300இல் அவ்வூரை அழித்து, மக்களை அடிமைகளாக விற்றனர்.

பிரடரிக்குக்குப் பறவை வேட்டையில் இருந்த ஈடுபாடு பொழுதுபோக்கின் எல்லையைக் கடந்தது. அரபு நாட்டிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வல்லுநரைப் பெரும் பொருட்செலவில் வரவழைத்து, அவர்கள் அறிந்ததைக் கேட்டறிந்தார். ஏறத்தாழ முப்பதாண்டுகள் காத்திருந்தே, பறவைகளைக் கொண்டு வேட்டையாடும் கலையைப் பற்றி இலத்தீன் மொழியில் பெருநூலொன்று இயற்றினார். அரிஸ்டாட்டிலைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற அவர் ஒப்பவில்லை. அந்தத் தத்துவ ஞானி பறவை வேட்டையாடியவரல்லர், பிறர் சொல்லக் கேட்டதையே எழுதினார் என்பது அவர் குற்றச்சாட்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்படி எழுதத் துணிவு வேண்டும்.

அவர் சோதனைகளும் அத்தகையனவே. வட நாட்டில் ஒருவகை வாத்து, கடலில் மிதக்கும் மரத்திலிருந்து பிறக்கிறது என்று மக்கள் நம்பினர். பிரடரிக் ஆளனுப்பி அம்மரத்தைக் கொண்டுவரச் செய்து பார்த்தார். மரத்தில் சிப்பிகள் ஒட்டியிருந்தன. பறவையின் உருவம் எதிலும் இல்லை. அவ்வாத்துகள் மனிதர் காணாத தொலைவிடங்களில் குஞ்சு பொரிப்பதால் எழுந்த கட்டுக்கதை இது என்று முடிவு செய்தார். கழுகு இரையை மோந்து அறிகிறதா, பார்த்து அறிகிறதா என்பதை அறியக் கழுகுகளின் கண்களை மூடி, நாசியைத் திறந்துவிட்டு இறைச்சியை முன்னே வைத்தார். அவை இறைச்சியைக் கண்டுகொள்ளவில்லை.

கண்ணை மூடுவது என்றதும் தொப்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புதிதாகப் பிடித்த வல்லூறு மனிதரைக் கண்டு வெருண்டு படபடக்கும், சிறகு முறியும். ஆதலால் ஐரோப்பியர் அதன் கீழிமையை நூலால் மேலே இழுத்துத் தைத்துவிடுவர். பழகப் பழகச் சிறிது சிறிதாகத் தளர்த்துவர். கேட்கவே மனம் கூசுகிறது. அரபியரோ மெல்லிய தோலால் சிறு தொப்பி செய்து, பறவையின் தலையில் கண்களை மறைத்து அணிவித்தனர். வேண்டியபோது மாட்டலாம், வேண்டியபோது கழற்றலாம். இதனைக் கீழ்த்திசையாரிடமிருந்தே கற்றதாகப் பிரடரிக் வெளிப்படையாக எழுதுகிறார். காற்றோட்டத்திற்காகத் துளையிட்டதைத் தம் திருத்தமாகச் சேர்த்துக் கூறுகிறார். பிறர் தந்ததையும் தாம் சேர்த்ததையும் இப்படிப் பிரித்துக் காட்டும் நேர்மை, அரபு அறிவைக் கையாண்ட இடைக்கால ஐரோப்பியர் எல்லாரிடத்திலும் காணப்படுவதன்று. எனினும் இமை தைக்கும் வழக்கத்தை அவரும் கைவிட்டாரல்லர். ‘ஸக்ர்’ என்ற அரபுச் சொல் ஐரோப்பிய மொழிகளில் ஒரு வல்லூற்றினத்தின் பெயராக இன்றும் வழங்குகிறது.

அவர் அவையில் இருந்த தியோடர் என்பார் அந்தாக்கியாவிற் பிறந்த கிறித்தவர். மோஸுலில் முஸ்லிம் ஆசிரியரிடம் கல்வி கற்றவர். வேட்டைப் பறவைகளையும் நாய்களையும் அவற்றின் நோய்களையும் பற்றிய அரபு நூலொன்றை அவர் இலத்தீனில் பெயர்த்தார். 1240-41இல் பயென்ஸா நகரை முற்றுகையிட்டிருந்தபோது, பாசறையிலிருந்தவாறே அம்மொழிபெயர்ப்பைப் பேரரசர் திருத்தினாராம். அப்பாஸியர் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்த நூலே அதன் மூலம் என இக்கால ஆய்வாளர் கருதுகின்றனர்.

வேட்டையின் மறுபக்கம் இத்துணை இனியதன்று. இங்கிலாந்தில் மன்னரின் வேட்டைக்கென ஒதுக்கப்பட்ட காடுகளில், மானைக் கொன்ற எளியவன் கண்ணை இழந்த காலமும் உண்டு. உயிரையோ உறுப்பையோ பறிக்கும் அத்தண்டனையை 1217ஆம் ஆண்டின் காட்டுச் சாசனம் நீக்கியது. ஆனால் காட்டை அடுத்து வாழ்ந்தவர்தம் நாய்களின் முன்னங்கால் நகங்களில் மூன்றை வெட்டும் வழக்கம் அதன் பின்னும் நீடித்தது; மானைத் துரத்தக் கூடாதல்லவா! அதே காலத்தில் பிரபுக்களின் நாய்கள் வாழ்ந்த வாழ்வே வேறு. 1387இல் வேட்டை நூல் எழுதத் தொடங்கிய பிரான்சு நாட்டுப் பிரபு கஸ்தோன் பெபுஸ், நாய்களுக்குத் தூய கொட்டிலும் புதிய வைக்கோலும் குளிர் காய நெருப்பும் வேண்டுமென விரிவாக விதிக்கிறார்.

பிரடரிக்குக்கும் வேட்டை ஒருமுறை பெரும் விலை கேட்டது. பார்மா நகரை முற்றுகையிட்டு, அதன் எதிரே ‘வெற்றி’ எனப் பொருள்படும் பெயரில் ஒரு பாசறை நகரையே எழுப்பியிருந்தார். 1248 பிப்ரவரி 18ஆம் நாள் அவர் வேட்டைக்குப் போயிருந்த வேளையில், பார்மா மக்கள் பாய்ந்து வந்து பாசறையைச் சூறையாடித் தீயிட்டனர். கருவூலமும் மணிமுடியும் பறிபோயின. அவற்றோடு அவர் போற்றிய வேட்டை நூற்படியும் போயிற்று. பதினாறு பதினேழு ஆண்டுகளுக்குப்பின் மிலான் வணிகனொருவன், பறவைகளையும் நாய்களையும் பற்றிய அழகிய நூலொன்று தன்னிடம் இருப்பதாக அஞ்சு மரபின் சார்லஸுக்கு எழுதினான். அதன்பின் அந்நூல் வரலாற்றின் கண்ணுக்குத் தென்படவில்லை.

மகன் மான்பிரட் தந்தையின் குறிப்புகளைத் தேடித் தொகுத்து, தாம் சேர்த்த பகுதிகளைத் தம்முடையவை என்று குறித்துப் புதுப்படியொன்று எழுதுவித்தார். அது இன்று வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. அதன் ஓரங்களில் நூற்றுக்கணக்கான பறவைகள் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. அவற்றுள் வெள்ளைக் கிளி போன்ற ஒன்று நான்கு இடங்களில் காணப்படுகிறது. அது ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலோ நியூகினியை அடுத்த தீவுகளிலோ வாழும் கொண்டைக்கிளி என 2018இல் ஆய்வாளர் அறிவித்தனர். ஐரோப்பியர் எவரும் காணாத அந்நிலத்துப் பறவை கைமாறிக் கைமாறிக் கெய்ரோ வந்து, அங்கிருந்து ஸுல்தானின் அன்பளிப்பாகப் பிரடரிக்கிடம் சென்றிருக்கிறது.