இருபத்திரண்டு பேரா, பதினொருவரா?

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், எறிவார்கள், எதிரணியினர் அவர்களைப் பிடித்துத் தரையில் சாய்ப்பார்கள். ஒவ்வொரு முறை சாய்ந்தபின்னும் ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கும். பக்கத்துக்கு 11 பேர். அந்தச் சிறு இடைவெளியில் ஆட்களை மாற்றலாமா, கூடாதா? சாதாரணக் கேள்வியாகத் தோன்றுகிறது அல்லவா? இந்த ஆட்டத்தின் போக்கையே மாற்றிய கேள்வி இது.

முன்னாளில் விதி கடுமையாக இருந்தது. நான்கு கால்பகுதிகளில் ஒன்றில் வெளியேறியவர் அதே பகுதியில் திரும்ப முடியாது. ஆகவே தாக்குகிறவரே தடுக்கவும் வேண்டும். 1941இல் இத்தடை தளர்ந்தது. அதில் ஒளிந்திருந்த வாய்ப்பை நாடறியச் செய்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரிஸ்லர்.

1945 அக்டோபர் 13ஆம் நாள் நியூயார்க் யாங்கி அரங்கில் அவருடைய அணி, வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி அணியை எதிர்கொண்டது. ராணுவ அணியில் பிளான்சர்ட், டேவிஸ் என்னும் இரு புகழ்பெற்ற வீரர்கள். மிச்சிகனிலோ பலர் முதலாண்டு மாணவர்கள். நேருக்கு நேர் நின்றால் வெல்ல வழியில்லை. கிரிஸ்லர் என்ன செய்தார் தெரியுமா? தாக்க ஒரு கூட்டம், தடுக்க வேறொரு கூட்டம் என அணியைப் பிரித்தார். பந்து கைமாறும்போதெல்லாம் கூட்டமும் மாறிற்று. களைத்த எதிரிக்கு எதிரே களைப்பாறிய இளைஞர்! ஆயினும் மிச்சிகன் 7–28 எனத் தோற்றது. வேடிக்கை என்னவென்றால், வென்ற அணியின் பயிற்சியாளர் பிளெயிக்கே பின்னர் இம்முறையைக் கைக்கொண்டார். 1947 பருவத்தில் மிச்சிகன் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை.

இரண்டு கூட்டம் என்றால் இரு மடங்கு ஆட்கள், கூடுதல் செலவு. சிறு கல்லூரிகள் திணறின. 1953இல் பழைய கட்டுப்பாடு திரும்பிற்று. அதற்குள்ளும் வழி கண்டவர் உண்டு: 1958இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பால் டீட்செல் தம் வீரர்களை மூன்று குழுக்களாக்கி மாற்றி மாற்றி இறக்கித் தேசிய வாகை சூடினார். தடுப்புக் குழுவுக்கு அவர் இட்ட பெயர் ‘சீனக் கொள்ளையர்’. இன்று எவரும் அப்படிப் பெயரிடத் துணியார். 1965இல் தடை முற்றிலும் நீங்கியது.

இனிக் கேள்வி வேறாயிற்று: தாக்கும் பதினொருவர் எப்படிப்பட்டவர்? கணக்கிட்டுப் பாருங்கள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஒருவர், முன்வரிசைப் பாரமானவர்கள் ஐவர். எஞ்சிய ஐவரைத்தான் மாற்றி அமைக்கலாம். இதற்குப் பயிற்சியாளர்கள் ஈரிலக்கக் குறியீடு வைத்திருக்கிறார்கள். முதல் இலக்கம் பின்னிருந்து ஓடுபவர் எண்ணிக்கை. இரண்டாவது, ‘டைட் எண்ட்’ எனப்படும் பருமனும் வேகமும் உடையவர் எண்ணிக்கை. மிச்சம், ஓரங்களில் விரைந்தோடிப் பந்தைப் பிடிப்பவர். ‘12’ என்றால் ஓடுபவர் ஒருவர், டைட் எண்ட் இருவர், ஓரத்தார் இருவர்.

இந்த ‘12’ களம் புகும்போது தடுப்பவர் படும் பாட்டை நினையுங்கள். கனத்த காவலரை இறக்கினால் டைட் எண்ட் ஓரத்துக்கு விலகி ஓடுவார். கனத்தவரால் தொடர முடியாது. மெலிந்த, விரைவான காவலரை இறக்கினாலோ, அதே டைட் எண்ட் அவரை இடித்துத் தள்ள, அவ்வழியே பந்துடன் ஓடிவிடுவார்கள். எதை அடைத்தாலும் மற்றது திறக்கும். இதைத்தான் பொருந்தாச் சோடி என்கிறோம்.

நடுவர் இங்கே தடுப்பவருக்குத் துணை நிற்கிறார். தாக்குபவர் ஆள் மாற்றினால், தடுப்பவரும் மாற்ற அவகாசம் தரவேண்டும் என்பது கல்லூரி விதி. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் சிப் கெல்லி (2009–2012) இதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். ஆளை மாற்றாமல், நிற்கும் இடத்தை மட்டும் மாற்றி, மூச்சுவிட நேரமின்றி அடுத்தடுத்துத் தொடங்கினார். தவறான காவலர் களத்தில் சிக்கியிருந்தால் வெளியேற வழியே இல்லை. அவ்வேகம் ஓரிகனை 2011 ஜனவரியில் தேசிய இறுதி ஆட்டம் வரை கொண்டுசேர்த்தது. அங்கே ஆபர்ன் அணி 22–19 என வென்றது.