“பால் பத்தல டீச்சர்”

வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள் முழுசாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. குழந்தைக்கு மூணு மாசம்தான். அதற்குள் ஷிப்டுக்கு வரச் சொல்லிவிட்டார்களாம். “பால் பத்தல டீச்சர். சாயங்காலமானா பிள்ளை அழுதுட்டே இருக்கு. மாமியார் டப்பா பால் வாங்கலாம்னு சொல்றாங்க” என்றாள்.

1982-இல் நானும் இதையே சொல்லி அழுதவள்தான். மூணு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் கொடுக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அம்மா பூண்டும் பால்சுறாவும் ஆக்கிப்போட்டும் பயம் போகவில்லை. டப்பா வந்தது, இருந்த பாலும் வற்றியது.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1867-இல் சுவிட்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே குழந்தை மாவு விற்கத் தொடங்கினார். தாய்ப்பால் கிடைக்காத பிள்ளைகளுக்கு அது உதவியது. ஆனால் வியாபாரம் பெருக, பால் உள்ள தாய்மாரும் வாங்க வேண்டுமே! நம்மவர்கள் பிழைக்கப் போன மலாயாவில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், 1939-இல் சிங்கப்பூரில் “பாலும் கொலையும்” என்ற தலைப்பில் பேசினார். இனிப்பு டின்பாலைக் குழந்தை உணவு என்று விற்பதைக் கடுமையாகக் கண்டித்தார். 1981-இல் உலக சுகாதாரப் பேரவை விற்பனை நெறிமுறையை ஏற்றது. 118 நாடுகள் ஆதரவு, எதிர்த்தது அமெரிக்கா மட்டும். 1992-இல் இந்தியா சட்டமே போட்டு, புட்டிப்பால் விளம்பரத்தையும் இலவச மாதிரியையும் தடுத்தது.

விளம்பரம் போனாலும் கடிகாரம் போகவில்லை. தாய்ப்பால் கிணற்று நீர் மாதிரி: இறைக்க இறைக்க ஊறும். பிள்ளை குடிக்காமலோ பீய்ச்சாமலோ பஸ், ஷிப்டு என்று பத்து மணி நேரம் போனால், உடம்பு “தேவையில்லை போல” என்று குறைத்துக்கொள்ளும். குறை தாயிடம் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

அதற்கும் சட்டம் உண்டு. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை தந்தது. 2017 திருத்தம் முதல் இரண்டு பிரசவங்களுக்கு விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. ஒப்பந்தப் பெண்களுக்கும் இது பொருந்தும். 2015-இல் நம் பஸ் நிலையங்களுக்கே பாலூட்டும் அறை வந்துவிட்டது. கம்பெனிக்குள் கேட்க என்ன தயக்கம்?

அவளிடம் கேட்டேன்: “ஒரு நாளைக்கு எத்தனை முறை துணி நனைக்கிறான்?” “ஏழெட்டு முறை டீச்சர்.” எடையும் மாதாமாதம் ஏறுகிறதாம். “அப்புறம் என்னடி, பால் போதும். சாயங்கால அழுகை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு” என்றேன். எடை ஏறாவிட்டாலோ, தாய்க்குத் தைராய்டு இருந்தாலோ, பிரசவத்தில் ரத்தம் அதிகம் போயிருந்தாலோ டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். அப்போது டப்பா பால் தேவைப்பட்டால் அதில் குற்றவுணர்ச்சியும் வேண்டாம்.

விடுப்புக்காக எழுத்தில் மனு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மனுவை நானே எழுதித் தருகிறேன். அந்தப் பக்கம் வேலை செய்யும் என் பிள்ளைகளே, உங்கள் கம்பெனியில் காப்பகம் இருக்கிறதா? கீழே சொல்லுங்கள்.