தலைவிதியும் சட்டவிதியும்

குழந்தையொன்று கிணற்றில் வீழ்ந்து மாண்டால், அங்கே கூடுகின்ற கூட்டத்தில் முதலில் எழும் பேச்சு, 'அதன் ஆயுள் அவ்வளவுதான்' என்பது. அடுப்பு நெருப்புப் பற்றிக் கருகினால், 'முற்பிறப்பில் செய்த வினை' என்பர். அழுகின்ற தாய்க்கு அது ஆறுதலாகலாம்; அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அது அரணாகுமா? கிணற்றை மூடியிருக்க வேண்டியவன் எவன் என்ற கேள்வி, 'விதி' என்னும் ஒரே சொல்லுக்கு அடியில் புதைக்கப்பட்டுவிடுகிறது.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதன்று. பாராளுமன்றங்களின் தாய் என்று போற்றப்படும் இங்கிலாந்தின் வரலாற்றிலே, இதே நோய்க்குச் சிறுவர்கள் இரையான காலம் உண்டு. அதிலிருந்து அந்நாடு எப்படி மீண்டது என்பதை அறிவது நமக்குப் பயன் தரும்.

1666ஆம் ஆண்டு இலண்டன் மாநகர் பெருந்தீயில் அழிந்தது. மீண்டும் எழுந்த நகரில் நிலக்கரி எரிக்கும் வழக்கம் பரவிற்று. அதற்கேற்பப் புகைபோக்கிகள் குறுகலாகவும் வளைந்து நெளிந்தும் கட்டப்பட்டன. 14 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் கொண்ட புழைகள்! உள்ளே படிந்த கரியைச் சுரண்ட, வளர்ந்த மனிதன் நுழைய இயலாது. எனவே சிறுவர்களை நுழைத்தனர். பெற்றோரிடம் விலைக்கு வாங்கப்பட்டவர்கள், அனாதை விடுதிகளிலிருந்து ஒப்படைக்கப்பட்டவர்கள், ஐந்தாறு வயதுப் பாலகர்கள்! தோல் உரியாதிருக்க முழங்கையிலும் முழங்காலிலும் உப்பு நீரைத் தேய்த்து, நெருப்பின் அருகே நிற்க வைத்துக் காய்ச்சினர். ஏற அஞ்சியவனை ஏற்றுவதற்குக் கீழே தீ மூட்டிய எசமானர்களும் இருந்தனர். வளைவிலே சிக்கி, கரியிலே மூச்சடைத்து மாண்டவர் பலர். தப்பிப் பிழைத்தவரையும் நோய் விடவில்லை. சிறுவயதில் இத்தொழில் செய்தவர்களுக்குப் பிற்காலத்தில் விதைப்பையில் தோன்றிய புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று 1775இல் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் எழுதிவைத்தார்.

காரணம் தெரிந்துவிட்டது. கொடுமை நின்றதா? இல்லை!

ஜோனாஸ் ஹான்வே போன்ற நல்லோர் முயற்சியால் 1788இல் ஒரு சட்டம் பிறந்தது. எட்டு வயதுக்குக் குறைந்தவனைத் தொழில் பழகச் சேர்க்கலாகாது என்றது அச்சட்டம். ஏட்டில் எழுதினர், எட்டிப் பார்ப்பார் எவருமில்லை. 1803இல் ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர், நீண்ட கழிகளை ஒன்றோடொன்று இணைத்து, முனையில் தூரிகை பொருத்திய கருவியைச் செய்து காட்டினார். சிறுவனை ஏற்றாமலே கரியை அகற்றலாம்! ஆயினும் மாளிகைவாசிகள் அதை வரவேற்கவில்லை. வளைந்த புகைபோக்கியில் கருவி சரிவர இயங்காது, இடித்துக் கட்டச் செலவாகும், கம்பளம் அழுக்காகும் என்று தயங்கினர். கம்பளத்துக்கு இருந்த மதிப்பு குழந்தையின் நுரையீரலுக்கு இல்லை!

1819இல் பிரபுக்கள் சபைக்கு ஒரு மசோதா வந்தது. லாடர்டேல் பிரபு எழுந்தார். இத்தகைய சீர்திருத்தங்களைச் சட்டத்தால் செய்ய வேண்டாம், மக்களின் அறவுணர்ச்சிக்கே விட்டுவிடலாம் என்று வாதிட்டார். மசோதா வீழ்ந்தது. அறவுணர்ச்சிதான் அத்தனை ஆண்டுகளாகச் சிறுவர்களைப் புகைபோக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தது என்பதை அந்தச் சபை எண்ணிப் பார்க்கவில்லை.

1834இல் மற்றொரு சட்டம். 1840இல் இன்னொன்று: 21 வயது நிரம்பாத எவரும் புகைபோக்கியில் ஏறலாகாது என்று அது திட்டவட்டமாகத் தடுத்தது. 1864இல் ஷாப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால் தண்டனை கடுமையாக்கப்பட்டது. ஆனால் சட்டத்தை நடத்திவைக்கும் பொறுப்பு எவர் தோளிலும் ஏற்றப்படவில்லை. வழக்கைக் கேட்க அமர்ந்தவர்களும் புகைபோக்கியுள்ள வீடுகளின் உடைமையாளர்களே. காவலில்லாத வயலுக்கு வேலியிருந்தும் என்ன பயன்?

1875ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், கேம்பிரிட்ஜ் நகருக்கு அருகே புல்போர்ன் மருத்துவமனையின் புகைபோக்கியில் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் ஏற்றப்பட்டான். சிக்கிக்கொண்டான். சுவரை இடித்து வெளியே எடுத்தனர், உயிர் தங்கவில்லை. எசமானனுக்கு ஆறு மாதக் கடுங்காவல் கிடைத்தது. ஷாப்ட்ஸ்பரி மீண்டும் பாராளுமன்றத்தில் போராடினார். அவ்வாண்டே புதிய சட்டம் வந்தது. இம்முறை சொற்கள் மட்டும் வரவில்லை. புகைபோக்கித் தொழில் செய்வோர் ஆண்டுதோறும் காவல்துறையிடம் உரிமம் பெற வேண்டும். சட்டத்தை நடத்திவைப்பது காவல்துறையின் கடமை என்று வகுக்கப்பட்டது. அதன் பின்னரே அக்கொடுமை ஒழிந்தது. 1788 முதல் 1875 வரை 87 ஆண்டுகள்! அந்த 87 ஆண்டுகளில் மாண்ட சிறுவர்களின் தலையெழுத்தை எழுதியவன் பிரமனல்லன். சட்டத்தைப் பிறப்பித்துவிட்டுத் தூங்கிய சமுதாயம்.

சட்டத்தோடு கல்வியும் கைகோத்தால் காலம் எவ்வளவு சுருங்கும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரில், அடுக்குமாடி வீடுகளின் சாளரங்களிலிருந்து குழந்தைகள் வீழ்ந்து மாண்டவண்ணம் இருந்தனர். 1970களின் தொடக்கத்தில் நகரச் சுகாதாரத் துறை, 'குழந்தைகளால் பறக்க முடியாது' என்ற பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. பிராங்க்ஸ் பகுதியில் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசினர். சாளரத்துக்குப் பொருத்தும் கம்பித் தடுப்புகளை இலவசமாக வழங்கினர். 1973க்கும் 1975க்கும் இடையே அங்கு இத்தகைய வீழ்ச்சிகள் பாதியாகக் குறைந்தன. 1976இல், சிறு குழந்தைகள் வாழும் அடுக்குமாடி வீடுகளில் கம்பித் தடுப்புப் பொருத்துவது வீட்டு உடைமையாளரின் கடமை என்று விதி செய்யப்பட்டது. ஏழைத் தாயைப் பார்த்து 'கவனமாக இரு' என்று உபதேசித்துவிட்டு அவர்கள் ஓயவில்லை. கவனம் ஒரு கணம் தவறினாலும் குழந்தை தவறி வீழாதபடி செய்தனர். அதுதான் அறிவு வழி.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில், சத்துணவுக் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவிற்று. குறுகிய படிக்கட்டு, நெரிசலான வகுப்புகள், 94 குழந்தைகள் கருகி மாண்டனர். அதன் பிறகே பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற ஆணை பிறந்தது. தீயணைப்புக் கருவியும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் இல்லாமல் பள்ளி நடத்தலாகாது என்று உச்சநீதிமன்றம் 2009இல் பணித்தது. பள்ளியாசிரியன் என்ற முறையில் அந்த நாளை எண்ணும்போதெல்லாம் என் வகுப்பின் வாயிலை ஒருமுறை அளந்து பார்க்கிறேன். அணிவகுத்து வெளியேறப் பழக்குவதும் பாடந்தான். அதற்குத் தேர்வு வரும் நாளை எவரும் முன்கூட்டி அறிவிப்பதில்லை.

கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மண்ணிட்டு நிரப்ப வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2010இலேயே நெறி வகுத்தது. ஆயினும் 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அத்தகைய கிணற்றில் வீழ்ந்தது. நான்கு நாட்கள் நாடே விழித்திருந்தது. கோவில்களில் வேண்டுதல் நடந்தது. குழந்தை உயிரோடு மீளவில்லை. நாலு கூடை மண் செய்திருக்கக்கூடிய வேலையை நாலாயிரம் வேண்டுதல்களால் செய்ய முடியவில்லை. 1840ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்துக்கு நேர்ந்த கதியே, 2010ஆம் ஆண்டு நெறிகளுக்கும் நேர்ந்தது. விதி இருந்தது, விதியைக் காப்பார் இல்லை.

இளந்தோழர்களே! சாவு நிகழ்ந்த வீட்டில் 'விதி' என்று சொல்வோரிடம் வாதாட வேண்டா. அது துயரத்தின் நேரம். ஆனால் மறுநாள் எழுந்து கேளுங்கள்: எந்த விதி மீறப்பட்டது? யார் காத்திருக்க வேண்டும்? உங்கள் ஊரில் மூடாத ஆழ்துளைக் கிணறு எத்தனை, பள்ளிக் கட்டடத்தைக் கடைசியாகச் சோதித்த நாள் எது என்று எழுதிக் கேட்க, 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. ஜார்ஜ் புரூஸ்டருக்காக இங்கிலாந்து 87 ஆண்டு காத்திருந்தது. நாம் அடுத்த குழந்தைக்காகக் காத்திருக்கப் போகிறோமா? தலைவிதியைப் பேசும் நாட்டில், சட்டவிதியைக் கேட்பதே முதற் பகுத்தறிவுப் பணி.