‘கிளார்க்’ வந்த வழி

பள்ளிப் படிவமொன்றில் ‘தந்தையின் தொழில்’ என்னுமிடத்தில் என் மகன் ‘மத்திய அரசு அதிகாரி’ என்று எழுதியிருந்தான். நான் அதிகாரியல்லேன், கிளார்க். “அதைத்தான் எழுத வேண்டுமா, அப்பா?” என்று அவன் தயங்கினான். இருபதாண்டுகளாக என்னோடு வரும் அச்சொல்லின் மூலத்தைத் தேடத் தோன்றியது அப்போதுதான்.

தேடல் கிரேக்க மொழியில் போய் நின்றது. ஆங்கே ‘கிளேரோஸ்’ என்பது திருவுளச் சீட்டாகப் போடும் சிறு ஓட்டையோ மரத்துண்டையோ குறித்தது. குடவோலையை அறிந்த நமக்கு இவ்வழக்கம் புதிதன்று. சீட்டில் விழுந்த நிலப்பங்கும் நாளடைவில் அப்பெயரையே பெற்றது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எபிரேய மறையைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர், லேவியர் என்னும் குருமரபினர்க்கு நிலப்பங்கு இல்லை, ஆண்டவனே அவர்தம் பங்கு என்று கூறுமிடத்தில் இச்சொல்லை ஆண்டனர். பிற்காலத்தில் கிறித்துவச் சமயப் பணியாளர் ‘கிளேரிகோஸ்’ எனப்பட்டனர். இலத்தீனில் அது ‘கிளேரிகுஸ்’. நிலத்தின் பெயர் நிலமற்றவர்க்கு ஆகிவந்த விந்தை இது!

திருச்சபை வழியே பழைய ஆங்கிலத்தில் புகுந்த இச்சொல், 1066இல் நார்மானியர் வென்றபின் பிரெஞ்சு ‘கிளெர்க்’ என்பதனாலும் வலுப்பெற்றது. அந்நாளில் எழுத்தறிவுடையோர் பெரும்பாலும் சமயத்தாரே. எனவே கற்றோர் யாவரும் கிளார்க் ஆயினர். சாசரின் ‘கான்டர்பரிக் கதைக’ளில் வரும் ஆக்ஸ்போர்டு கிளார்க் ஒரு மாணவன். நைந்த மேலாடையும் அரிஸ்டாட்டில்மீது தீராக் காதலும் உடையவன். (நம் வறுமை அன்றே தொடங்கிவிட்டது போலும்.)

எழுத்தறிவு உயிரையும் காத்தது. சமயத்தாரை அரசு மன்றம் தூக்கிலிடலாகாது என்பது ஆங்கிலேயர் வழக்கு. ஒருவன் சமயத்தான் என்பதற்கு அவன் படிக்கத் தெரிந்திருப்பதே சான்றாகக் கொள்ளப்பட்டது. ஆகவே குற்றவாளி, 51ஆம் சங்கீதத்தில் ஓரடியைப் படித்துக் காட்டித் தூக்குக் கயிற்றினின்று தப்பலாம். குருவல்லாதவனாயின் ஒருமுறை மட்டுமே. கொலை போன்ற கொடுங்குற்றங்கள் பின்னர் இச்சலுகையினின்று விலக்கப்பட்டன. 1827இல் சட்டம் இதனை அறவே நீக்கியது.

மன்றத்திலும் அரண்மனையிலும் ஏடு எழுதியோரும் இவர்களே. சமயம் உதிர்ந்து எழுத்து மட்டும் எஞ்சியபோது நம் கிளார்க் பிறந்தான்.

இதையெல்லாம் கேட்ட மகன் படிவத்தைத் திருத்தினான். “ஒலிப்பது ‘ஆ’, எழுதுவது ‘எ’, ஏனப்பா?” என்றான். இங்கிலாந்தில் சில சொற்களில் ‘எர்’ என்பது ‘ஆர்’ ஆகத் திரிந்தது. எழுத்து மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. ‘கிளார்க்’ என்னும் குடும்பப் பெயரிலோ எழுத்தும் ஒலியோடு மாறியது. அமெரிக்கர் இன்றும் ‘கிளர்க்’ என்றே ஒலிக்கின்றனர்.