பெக் கொன்ற ஆமை

சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் கலிஃபோர்னியா அகாடமி ஆஃப் சயின்சஸில், பார்வையாளர்கள் போக முடியாத ஒரு பகுதி உண்டு. ஊர்வன, நீர்நில வாழ்வனவற்றின் ஆராய்ச்சித் தொகுப்பு. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட உடல்கள். தவளை, பாம்பு, பல்லி எல்லாம் பெரும்பாலும் ஆல்கஹால் பாட்டில்களுக்குள். ராட்சத ஆமையை எந்த பாட்டிலில் போடுவது? அதை ஓடும் எலும்புமாக உலர வைத்திருக்கிறார்கள்.

அதில் ஒரே ஒரு ஆமையைப் பத்தித்தான் ரெண்டு வாரமா படிச்சிட்டிருக்கேன்.

1905 ஜூனில் ரோலோ பெக் தலைமையில் 'அகாடமி' என்ற பாய்மரக் கப்பல் கலாபகஸ் தீவுகளுக்குக் கிளம்பியது. ஊர்வனவற்றுக்குப் பொறுப்பு ஜோசப் ஸ்லெவின். தீனி, தண்ணி இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால், திமிங்கல வேட்டைக் கப்பல்காரர்கள் அங்கிருந்த ஆமைகளை ஏற்றிப்போய்த் தின்றே பெருமளவு தீர்த்திருந்தார்கள். எப்படியும் அழியப்போகுது, அதுக்குள்ள எடுத்து வச்சுடுவோம் என்பதுதான் இவர்கள் கணக்கு. எடுத்தது 266 ஆமைகள்.

இவர்கள் தீவுகளில் இருக்கும்போதே, 1906 ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கம், தொடர்ந்து தீ. மார்க்கெட் தெருவில் இருந்த அருங்காட்சியகக் கட்டடம் எரிந்தது. பழைய ஊர்வனத் தொகுப்பும் ஏறக்குறைய மொத்தமாகப் போனது. நவம்பரில் கப்பல் 75,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளோடு வந்து சேர்ந்தது. எங்க தொழில்ல இதுக்கு ஆஃப்சைட் பேக்கப்னு பேர். ஆனா இங்க யாரும் திட்டம் போட்டுச் செய்யலை.

அந்தக் கப்பலில்தான் நான் சொன்ன ஆமையும் வந்தது. ஃபெர்னாண்டினா தீவில் பெக் பார்த்த ஓர் ஆண் ஆமை. பார்த்தார், கொன்றார், எடுத்துவந்தார். விளிம்பு விரிந்த அதன் ஓட்டைப் பார்த்து ஜான் வான் டென்பர்க் 1907-இல் அதைத் தனி இனமாக அறிவித்து 'ஃபன்டாஸ்டிகஸ்' என்று பேர் வைத்தார். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேல் அந்தத் தீவில் யார் கையிலும் இன்னொரு ஆமை சிக்கவில்லை.

2019 பிப்ரவரியில் ஒரு பெண் ஆமை கிடைத்தது. ஃபெர்னாண்டா என்று பேர். ஆனால் சந்தேகம்: வளர்ச்சி குன்றிய சின்ன உடம்பு, அந்த விரிந்த ஓடும் இல்லை. வேறு தீவிலிருந்து கடலில் மிதந்து வந்ததா? மாலுமிகள் யாராவது விட்டுப்போனதா? வெளித்தோற்றத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாத நிலை. பெக்கின் ஆமையிலிருந்து டிஎன்ஏ எடுத்தார்கள். இரண்டையும் மற்ற 13 கலாபகஸ் ஆமை இனங்களோடு ஒப்பிட்டார்கள். 2022-இல் முடிவு வந்தது: இரண்டும் ஒரே இனம், மற்ற எல்லாவற்றிலிருந்தும் வேறு.

பெக் மேல எனக்குக் கோபம் இன்னும் போகலை. தீவுல ஒண்ணே ஒண்ணு கண்ணுல பட்டா, விட்டுட்டு வந்திருக்கலாமே? விட்டிருந்தால், 2019-இல் கிடைத்தது என்ன ஆமை என்று சொல்ல ஒப்பிட எதுவும் இருந்திருக்காது. இந்த ரெண்டையும் சேர்த்து வச்சு என்னால ஒரு தீர்ப்புக்கு வர முடியலை.

ஃபெர்னாண்டா இப்போது சாண்டா குரூஸ் தீவில், ஆமை இனப்பெருக்க மையத்தில் தனியாக இருக்கிறாள். அவளைக் கண்டுபிடித்த குழு ஃபெர்னாண்டினாவில் வேறு ஆமைகளின் தடமும் எச்சமும் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறது. ஓர் ஆணுக்காகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.