எஞ்சின் நம்பர் இருக்கிறது, ஆள் பெயர் எங்கே?

 கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பையனுக்கு (இப்போது அவனுக்கே கல்லூரிக்குப் போகும் பெண் இருக்கிறாள்!) ரயில் என்றால் உயிர். பழைய ரயில், டிராம் படங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறான். போன மாதம் அதில் அறுபது, எழுபது படங்களை எனக்கு அனுப்பிவிட்டு, "டீச்சர், எல்லாரும் இதை வெறும் எஞ்சின் படம்னு சொல்றாங்க. இதுல வரலாறு இருக்கா இல்லையா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டான். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தப் படங்களை எடுத்தவர்கள் யார்? பெரும்பாலும் ரயில் பைத்தியங்கள். திட்டவில்லை, பாசத்தோடுதான் சொல்கிறேன். இங்கிலாந்தில் சதர்ன் ரயில்வே என்று ஒரு கம்பெனி இருந்தது. நம்முடைய தென்னக ரயில்வே இல்லை, பெயர்தான் ஒன்று. அதில் வேலை பார்த்த இயன் ஆலன் என்ற இளைஞர், 1942-ல் அந்தக் கம்பெனி எஞ்சின்களின் எண்களை எல்லாம் தொகுத்து ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அது பிய்த்துக்கொண்டு போனது. அதன்பின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தோடு பிளாட்பாரத்தில் நின்று, பார்த்த எஞ்சினின் எண்ணுக்குக் கீழே கோடு போட்டுக்கொள்வார்கள். நம் பிள்ளைகள் தீப்பெட்டிப் படம் சேர்த்த மாதிரி.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கையில் கேமராவும் கொஞ்சம் பணமும் வந்த நேரத்தில், 1968 ஆகஸ்டில் பிரிட்டனின் பெரிய பாதைகளில் நீராவி எஞ்சின் நின்றுபோனது. இந்தியாவிலோ 1972 வரை புது நீராவி எஞ்சின் செய்துகொண்டே இருந்தோம். ஓடியது இன்னும் பல வருஷம். அகலப் பாதையில் 1995 வரை ஓடியிருக்கிறது. சும்மா இருப்பார்களா? மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார்கள். ரயில் நிலையத்தில் படம் எடுக்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பிலிம் விலையோ கொஞ்சநஞ்சமில்லை. அதனால் ஒவ்வொரு படத்தையும் யோசித்து எடுத்தார்கள். எடுத்ததும் எஞ்சின் வகை, எண், இடம், தேதி நான்கையும் குறித்துக்கொண்டார்கள். அந்த நான்கு விஷயம்தான் படத்தை ஆவணமாக்குகிறது. இதை மனதில் வையுங்கள். கடைசியில் கேள்வி கேட்பேன்.

சரி, குறிப்பே இல்லாத படம் கிடைத்தால்? அப்போது படத்தையே விசாரிக்க வேண்டும்.

சென்னை டிராமை எடுத்துக்கொள்வோம். 1895 மே 7-ஆம் தேதி மதராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் அதுதான். கல்கத்தாவில் 1873-லேயே டிராம் வந்துவிட்டது என்று யாராவது மடக்குவீர்கள். வந்தது, ஆனால் இழுத்தது குதிரை. அங்கே மின்சாரம் 1902-ல்தான். லண்டனிலேயே மின்சார டிராம் முறையாக ஓடியது 1901-ல். ஆக, நம் ஊர் ஆள் மின்சார டிராமில் உட்கார்ந்து போனபோது லண்டன்காரர் குதிரைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்!

அந்த முதல் டிராமுக்கு மேலே கம்பி கிடையாது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே தரையில் ஒரு பிளவு. அதற்கடியில் இருந்த குழாயிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பார்க்க அழகுதான். ஆனால் நம் ஊர் மழை சும்மா விடுமா? பிளவுக்குள் தண்ணீர் புகுந்தது. சில வருஷங்களிலேயே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு, மேலே கம்பி கட்டினார்கள். இப்போது உங்களிடம் மவுண்ட் ரோடு டிராம் படம் ஒன்று வருகிறது, தேதி இல்லை. என்ன பார்ப்பீர்கள்? தலைக்கு மேலே பாருங்கள். கம்பி இல்லாமல் தரையில் பிளவு இருந்தால் அது ஆரம்ப காலத்துப் படம். கம்பி இருந்தால் அதற்குப் பிந்தியது. 1920-களின் தொடக்கத்தில் 97 வண்டிகள், சுமார் 24 கிலோமீட்டர் பாதை என்று செழிப்பாக இருந்த கம்பெனி, கடைசியில் நொடித்துப்போய் 1953 ஏப்ரல் 12-ஆம் தேதியோடு டிராம் நின்றது. எனவே டிராம் ஓடும் மதராஸ் தெருப் படம் எதுவானாலும் அந்தத் தேதிக்கு முந்தியதுதான். பார்த்தீர்களா, ஒரு கம்பி, ஒரு பிளவு. அதைக்கொண்டு காலத்தை வளைத்துப் பிடித்துவிட்டோம்.

ரயில் படத்துக்கும் இதே வழிதான். வண்டியில் எஸ்.ஐ.ஆர். என்று எழுதியிருந்தால் அது பழைய தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் எழுத்து. 1951 ஏப்ரல் 14-ல் அது தென்னக ரயில்வேயோடு இணைந்தது. ஆனால் அவசரப்பட்டு "1951-க்கு முந்திய படம்" என்று முடிவு கட்டக் கூடாது. மறுபடி பெயிண்ட் அடிக்கும் வரை பழைய எழுத்து அப்படியே ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா? இன்னொரு தடயமும் வேண்டும். பெட்டியின் பக்கவாட்டில் மூன்றாம் வகுப்பு என்று இருக்கிறதா? அந்த வகுப்பை 1974-ல் எடுத்துவிட்டார்கள். நிலையப் பலகையில் டால்மியாபுரம் என்று இருக்கிறதா? அந்தப் பெயரை எதிர்த்து 1953-ல் போராட்டம் நடந்தது, கலைஞர் தண்டவாளத்தில் படுத்தார் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று அந்த நிலையம் கல்லக்குடி பழங்காநத்தம். பலகையில் தனுஷ்கோடி என்று இருந்தால் கேட்கவே வேண்டாம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து போன ரயிலும் அதிலிருந்தவர்களும் கடலோடு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த நிலையத்துக்கு எந்த ரயிலும் போகவில்லை.

இதெல்லாம் நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பழைய பாடம்தான். கல்வெட்டானாலும் போட்டோவானாலும், முதலில் "இது எப்போது, எப்படித் தெரியும்?" என்று கேட்க வேண்டும்.

இனி என் மனதை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன்.

அத்தனை படங்களையும் பார்த்து முடித்தபோது ஒன்று தெரிந்தது. எஞ்சினின் எண் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒரு மனிதனின் பெயர்கூட எதிலும் இல்லை. டிரைவர், பயர்மேன், பாயின்ட்ஸ்மேன், டிராம் கண்டக்டர் எல்லாருமே படத்தில் இருக்கிறார்கள். ஆனால் ஓரத்தில். இந்த ஆர்வலர்களுக்கு ஒரு இலக்கணம் உண்டு. வெயில் எஞ்சின் மேல் விழ வேண்டும், முகமும் பக்கவாட்டும் சேர்ந்து தெரிய வேண்டும், சக்கரங்களை இணைக்கும் தண்டு கீழே இறங்கியிருக்கும் கணத்தில் கிளிக் செய்ய வேண்டும். குறுக்கே ஆள் வந்தால் நகரும் வரை காத்திருப்பார்கள்.

உறவினர்களுக்குத் தெரியும், மாணவர்களில் பலருக்குத் தெரியாது: என் அப்பா விழுப்புரம் லோகோ ஷெட்டில் பயர்மேன். அந்தக் காலத்தில் எழும்பூரிலிருந்து மீட்டர்கேஜ் வண்டியை விழுப்புரம் வரை ஜப்பானில் செய்த மின்சார எஞ்சின் இழுத்துக்கொண்டு வரும். அங்கே அதைக் கழற்றிவிட்டு, நீராவி எஞ்சினையோ டீசல் எஞ்சினையோ மாட்டுவார்கள். நீராவி என்றால் டிரைவரோடு இரண்டு பயர்மேன்கள். கரியை அள்ளி நெருப்பில் போடுவது மட்டும் வேலை இல்லை. அடுப்பில் எந்த மூலையில் நெருப்பு இளைத்திருக்கிறது என்று பார்த்து அங்கே போட வேண்டும். பாய்லரில் தண்ணீர் எவ்வளவு என்று கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் உயிருக்கே ஆபத்து. சித்திரை வெயிலில், முன்னால் நெருப்பு, பின்னால் கரி. அப்பா வீட்டுக்கு வந்தால் அம்மா முதலில் கொடுப்பது ஒரு சொம்பு நீர்மோர். துணியைத் தொடவே விடமாட்டார், அவரே ஊறப்போடுவார்.

அந்த அப்பாவுக்கு எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே படம். ஒன்று கல்யாணத்தில் எடுத்தது. இன்னொன்று ஓய்வுபெற்ற அன்று மாலையோடு எடுத்தது. முப்பத்து நான்கு வருஷம் செய்த வேலையைச் செய்கிற மாதிரி ஒரு படம்கூட இல்லை.

மாணவன் அனுப்பியதில் ஒரு படத்தின் குறிப்பில், ஒய்.பி. வகை எஞ்சின், அதன் எண், விழுப்புரம், ஜனவரி 1976 என்று இருந்தது. எஞ்சின் பளிச்சென்று இருக்கிறது. டிரைவர் நிற்கும் இடத்தில் ஒருவர் பாதி மறைந்து நிற்கிறார். தலையில் துண்டு, கம்பியைப் பிடித்த ஒரு கை. முகம் நிழலில் இருக்கிறது. குடும்ப குரூப்பில் போட்டேன். என் தங்கை உடனே "அப்பாதான்!" என்றாள். சித்தப்பா மகன் "பெரியப்பா வெள்ளைத் துண்டுதான் கட்டுவார், இது கறுப்பு" என்றான். கரி வேலை செய்பவர் கட்டிய துண்டு எந்த நிறமாயிருந்தாலும் மத்தியானத்துக்குள் கறுப்புதானே!

நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பா அந்த வருஷம் விழுப்புரத்தில்தான் வேலை பார்த்தார். அந்த வகை எஞ்சினில்தான் போனார். ஆனால் அந்த ஷெட்டில் அவரைப்போல எத்தனையோ பயர்மேன்கள். "அப்பாவாக இருக்கலாம்" என்பது வரை என்னால் போக முடிகிறது. அதற்கு மேல் போக என் கையில் சான்று இல்லை. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் "சான்று எங்கே?" என்று கேட்டவள், அப்பா விஷயத்தில் மட்டும் மாற்றிக்கொள்ள முடியாது. "அப்பாதான்" என்று நான் எழுதி வைத்தால், அந்தக் கை வேறொரு வீட்டு அப்பாவுடையதாக இருக்கும் பட்சத்தில், அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கும் ஒரே படத்தையும் நான் எடுத்துக்கொண்டவள் ஆவேன். தங்கைக்குக் கோபம். இரண்டு நாள் பேசவில்லை. பரவாயில்லை.

படம் எடுத்தவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கடல் தாண்டி வந்தவர், மொழி தெரியாதவர். தான் நேசித்ததைச் சுத்தமாகக் குறித்து வைத்தார். அவர் குறித்த தேதியும் இடமும் இல்லாவிட்டால் "இருக்கலாம்" என்றுகூட நான் சொல்லியிருக்க முடியாது. அவர் எஞ்சினை நேசித்தார், எஞ்சினின் பெயரை எழுதினார். ஆளை நேசித்தவர்கள்தானே ஆளின் பெயரை எழுத வேண்டும்? அது யார் வேலை? வீட்டில் இருக்கிற நம் வேலை.

பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்திலும் திருச்சியிலும் ரயில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பழைய எஞ்சின்களுக்கு வர்ணமடித்து, எண் எழுதி நிறுத்தியிருக்கிறார்கள். அதை ஓட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் யாரென்று அந்த எஞ்சினுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

ஆகவே வீட்டுப்பாடம். ஓய்வுபெற்றால் வீட்டுப்பாடம் கொடுக்கமாட்டேன் என்று நினைத்தீர்களா?

ஒன்று. வீட்டிலுள்ள பழைய ஆல்பத்தை எடுங்கள். அப்பா, தாத்தா, அத்தை யாராவது வேலை செய்கிற இடத்தில் எடுத்த படம் இருக்கிறதா என்று பாருங்கள். மில், பஸ், தறி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எதுவானாலும் சரி.

இரண்டு. படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காவிட்டால், ஒரு உறையில் எழுதிப் படத்தை அதற்குள் போடுங்கள். யார், எங்கே, எப்போது, என்ன வேலை என்ற நான்கும் இருக்க வேண்டும். உறுதியாகத் தெரியாததற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். கேள்விக்குறி போட வெட்கப்படாதீர்கள்.

மூன்று. செல்போன் படமானால் வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு விட்டுவிடாதீர்கள். அப்படி அனுப்பும் படத்தோடு, எடுத்த தேதி போன்ற குறிப்புகள் போவதில்லை. மூலப்படத்தைத் தனியாக வைத்து, பெயர் எழுதி வையுங்கள்.

நான்கு. இதைத் தனியாக உட்கார்ந்து செய்யாதீர்கள். வீட்டில் எண்பது வயதுக்காரர் யாராவது இருந்தால் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். படத்தின் ஓரத்தில் நிற்கிற ஆளின் பெயர் அவருக்குத்தான் தெரியும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போவீர்கள் அல்லவா? அதற்குள் முடித்துவிட்டு, எத்தனை பெயர் கிடைத்தது என்று இங்கே கமென்டில் எழுதுங்கள். தாமதமாகக் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வேன், வெளியே நிற்க வைக்கமாட்டேன்.