பேட்டரிக்காக வந்த பேனல்

யாராவது பழைய சோலார் பேனலை விலைக்குக் கொண்டுவந்தால், எத்தனை வாட் என்று பின்பக்க ஸ்டிக்கரைப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணாடிக்குள் தெரியும் செல்களை எண்ணுவேன். 36 இருந்தால் அது 12 வோல்ட் பேட்டரியை நிரப்புவதற்காகச் செய்தது. ஒரு சிலிக்கான் செல், சின்னதோ பெரியதோ, அரை வோல்ட் அளவுதான் தரும். 36 செல்களைத் தொடராகக் கோத்தால் 18 வோல்ட். பேட்டரி முழுதாக நிரம்ப 14 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். சூட்டில் குறைவதும் வயரில் போவதும் கழித்தால் கணக்கு கச்சிதமாக நிற்கும். 60 செல் இருந்தால் அது எந்தப் பேட்டரிக்கும் நேராகப் பொருந்தாது. ஈபி லைனோடு சேரவென்றே வந்தது. எங்கள் ஊர் மொட்டை மாடிகளில் கடந்த பதினைந்து வருடங்களில் நடந்தது என்ன என்று கேட்டால், 36 போய் 60 வந்தது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்த மாற்றம் நடந்தது தெரியாமலேயே இன்றும் பலர் சோலார் வாங்க வருகிறார்கள்.

எங்கள் ஊர் கோயம்புத்தூர். 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் மலையிலிருந்து கம்பி இங்கே இறங்கியது. பஞ்சாலைகள் பெருகின. கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த கிணறுகளில் மோட்டார் உட்கார்ந்தது. மோட்டார் இருந்தால் என்றாவது காயில் எரியும். எரிந்தால் ரீவைண்டிங் பட்டறை வேண்டும். கணபதி பகுதியில் என் அப்பா வைத்திருந்த பட்டறைக்கு அதுதான் பூர்வீகம். கிணற்று மோட்டாரும் கிரைண்டர் மோட்டாருமாகச் சுற்றிக்கொண்டிருந்தவருக்கு, எண்பதுகளில் லோ வோல்டேஜ் புதுத் தொழில் கொடுத்தது. சாயங்காலம் ஆனால் குழல்விளக்கு எரிய மறுக்கும், டிவியில் படம் நான்கு பக்கமும் சுருங்கும். வீட்டுக்கு வீடு ஸ்டெபிலைசர் வந்தது. ஸ்டெபிலைசரும் தாமிரக் கம்பி சுற்றும் வேலைதான் என்பதால் பட்டறைக்கு அது அந்நியமாகப் படவில்லை. பிறகு வந்த இன்வெர்ட்டரிலும் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. எங்கள் கைக்குப் பழகாத, கம்பியே சுற்றாத முதல் சாமான் சோலார் பேனல்தான்.

இன்வெர்ட்டர் பெருகிய கதையைச் சொல்லாமல் பேனலுக்குப் போக முடியாது. 2008 கடைசியில் ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் மின்சாரக் கட்டுப்பாடு வந்தது. வீடுகளுக்கு நேரம் குறித்து வெட்டினார்கள். கேட்பவர்கள் பெருகிய அளவுக்கு உற்பத்தி பெருகவில்லை. 2006இலிருந்து இலவசக் கலர் டிவி, 2011இலிருந்து இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. கிரைண்டர் செய்து ஊரெல்லாம் அனுப்பிப் பிழைத்த ஊர்க்காரன் அதைக் குறை சொல்லக் கூடாது. மின்வெட்டின் உச்சம் 2012. காற்று சீசன் இருக்கும்வரை பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் ஓரளவு தாங்கின. அக்டோபரில் காற்று அடங்கியதும், சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் கரண்ட் இல்லை. வெளி மாநிலத்தில் விலைக்கு வாங்கலாம் என்றாலும் கொண்டுவரும் கம்பி போதாது. தென்மாநிலங்களின் மின்கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு ஒரே கட்டமைப்பாக இணைந்ததே 2013 டிசம்பர் 31இல், ராய்ச்சூர்-சோலாப்பூர் லைனுக்குப் பிறகுதான்.

2012இல் இன்வெர்ட்டர் வைத்திருந்தவர்களும் இருட்டில் உட்கார்ந்தார்கள். 150 ஏஎச் பேட்டரி ஒன்று முழுதாக நிரம்பப் பத்து மணி நேரம் போல வேண்டும். ஒரு மணி நேரம் இருந்து ஒரு மணி நேரம் போகும் கரண்டில், அதுவும் லோ வோல்டேஜில், அது நிரம்பவே நிரம்பாது. பாதி நிரம்பியே கிடக்கும் ஈயப் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். நான்கைந்து வருடம் உழைக்க வேண்டியது ஒன்றரை வருடத்தில் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகும். இன்னொரு கொடுமையும் உண்டு. கரண்ட் வந்த நொடியில் தெருவிலுள்ள பேட்டரிகள் எல்லாம் ஒன்றாக உறிஞ்சத் தொடங்கும். டிரான்ஸ்ஃபார்மர் திணறும், ஃப்யூஸ் போகும், மறுபடி இருட்டு. வெட்டைச் சமாளிக்க வாங்கிய பெட்டியே வெட்டைக் கூட்டியது.

இந்த இடத்தில்தான் பேனல் எங்கள் தெருக்களுக்குள் வந்தது. சிலிக்கான் செல் 1954இலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்துவிட்டது. விழும் வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்கைத்தான் அது மின்சாரமாக்கியது. நம் நாட்டில் சாஹிபாபாத்தில் உள்ள சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் என்ற அரசு நிறுவனம் 1977இல் முதல் செல்லைச் செய்தது. 1985இல் தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை தொடங்கியது. ஆனாலும் வெகுகாலம் சோலார் என்றால் ஜனங்களுக்கு மாடித் தண்ணீர் ஹீட்டரோ கிராமத்துத் தெருவிளக்கோதான். 2011இல் அறிவித்த பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு ஐந்து சோலார் விளக்குகள் கொடுத்தார்கள். 2012 அக்டோபரில் மாநிலத்தின் சூரிய ஆற்றல் கொள்கை வந்தது. 2015க்குள் 3,000 மெகாவாட் என்று இலக்கு வைத்தார்கள். வீட்டு மாடியில் விளையும் யூனிட்டுக்கு முதல் இரண்டு வருடம் 2 ரூபாய், அடுத்த இரண்டு வருடம் 1 ரூபாய், அதற்கடுத்த இரண்டு வருடம் 50 பைசா என்று ஊக்கத்தொகையும் இருந்தது. கடைக்கு வந்தவர்கள் அதையெல்லாம் கேட்கவில்லை. “ஏனுங்க, இதை மாட்டினா ராத்திரிக்கு ஃபேன் ஓடுங்களா?” அவ்வளவுதான் கேள்வி. ஈபி நிரப்பாத பேட்டரியை வெயில் நிரப்பும் என்பதற்காகவே பேனல் விற்றது.

அப்போது போட்ட கணக்கு எளிமையானது. மூன்று ஃபேன், ஐந்து விளக்கு, ஒரு டிவி என்றால் 375 வாட். ஐந்து மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1,900 வாட்-மணி. 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரியில் ஏட்டில் இருப்பது 1,800. ஆனால் ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுசு குறையும். ஆகவே குறைந்தது இரண்டு பேட்டரி. ஒரு கிலோவாட் பேனல் நம் ஊரில் வருடச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். பேட்டரியில் போட்டு எடுப்பதில் போகும் நஷ்டத்தைக் கழித்தாலும் அந்த வீட்டுக்கு அது தாராளம். ஒற்றைப் பேட்டரியும் இரண்டு பேனலும் விற்றுவிட்டு “வீடே ஓடும்” என்று சொல்லிப் போனவர்களும் உண்டு. அவர்கள் விற்ற வீடுகளுக்குப் பிறகு நாங்கள்தான் போனோம்.

பேனல் எப்படி வேலை செய்கிறது என்பதை நாங்கள் மாடியில் நின்று கற்றோம். ஸ்டிக்கரில் 330 வாட் என்று போட்டிருப்பது, செல்லின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. கோயம்புத்தூர் மாடியில் மார்ச் மாத மத்தியானம் பேனலைத் தொட முடியாது. 60 டிகிரியைத் தாண்டியிருக்கும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு 0.4 போல உற்பத்தி குறையும். 65 டிகிரியில் 16 சதவீதம் காணாமல் போகும். கத்திரி வெயிலில்தான் அதிகம் விளையும் என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. வானம் தெளிந்து காற்றும் அடிக்கிற பிப்ரவரி, மார்ச் நாட்கள் கத்திரிக்குச் சளைத்தவை அல்ல. அதனால்தான் பேனலைத் தளத்தோடு ஒட்டிப் படுக்க வைக்காமல் அடியில் காற்றுப் புக இடம் விடச் சொல்வோம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகமும் காற்றும் சேர்ந்து வரும். அந்த மாதங்களில் உற்பத்தி இறங்கும், ஸ்ட்ரக்சர் காற்றைத் தாங்கவும் வேண்டும். ஐப்பசி மழையில் இன்னொரு இறக்கம். சாய்வு 11 டிகிரி, தெற்கு முகம். எங்கள் அட்சரேகைக்கு அது போதும். சாய்வே இல்லாமல் வைத்தால் மழைத் தண்ணீர் ஓரத்தில் தேங்கி மண் கோடு போட்டுவிடும்.

சூட்டைவிட மோசமானது நிழல். செல்கள் தொடராகக் கோக்கப்பட்டவை. வாய்க்காலில் ஒரு மடை அடைபட்டால் கீழ்வயல் முழுக்கக் காய்வதுபோல, ஒரு செல் நிழலில் போனால் அந்த வரிசையே தடைபடும். இதற்காக 60 செல் பேனலின் பின்பெட்டியில் மூன்று டையோடுகள் வைக்கிறார்கள்; அடைபட்ட மூன்றில் ஒரு பங்கை மட்டும் சுற்றிக்கொண்டு மின்சாரம் போகும். இருந்தாலும் ஒற்றைத் தென்னை மட்டையின் நிழல் காலை முழுக்க மாடியில் நகர்ந்துகொண்டிருந்தால் கணக்கு உதைக்கும். தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, பக்கத்து வீட்டில் புதிதாக எழும்பும் இரண்டாம் மாடி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நான் இடம் பார்க்கப் போனால் காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் நிழல் எங்கே விழுகிறது என்று கேட்பேன். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், சித்திரையில் நிழலே இல்லாத மாடியில் அப்போது நிழல் நீளும்.

அப்புறம் தண்ணீர். சிறுவாணித் தண்ணீரில் கழுவினால் கண்ணாடி பளிச்சென்று இருக்கும். போர்வெல் உப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் வெள்ளைப் பொட்டுகள் படியும். சில மாதங்களில் துணிக்கு அசையாத திரையாகிவிடும். கழுவுவது விடியற்காலையில். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றக் கூடாது.

2014, 2015 வாக்கில் மின்வெட்டு குறைந்தது. கூடங்குளம் அணுமின் நிலையம் ஓடத் தொடங்கியது, வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவரக் கம்பியும் வந்தது. பேட்டரிகள் ஒவ்வொன்றாகச் செத்தன; யாரும் புதிதாக மாற்றவில்லை. இருபத்தைந்து வருடம் உழைக்கக்கூடிய பேனல்கள் மாடியில் சும்மா வெயில் காய்ந்தன. சிலர் அதன் அடியில் துணி உலர்த்தினார்கள், வடகம் போட்டார்கள். எங்கள் தொழில் இரண்டு மூன்று வருடம் படுத்தேவிட்டது.

அதை எழுப்பியது வேறொரு தேவை. 2013இலேயே மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நெட் மீட்டருக்கு வழி செய்திருந்தது: பகலில் வீட்டுக்கு மிஞ்சுவதை லைனுக்கு அனுப்பலாம், ராத்திரி எடுத்துக்கொள்ளலாம், வித்தியாசத்துக்குப் பணம் கட்டினால் போதும். பேட்டரி தேவையில்லை. பேனல் விலையும் வேகமாக இறங்கியது. வீடுகளில் ஏசி பெருகி இரண்டு மாத பில் ஆயிரங்களில் எகிறியதும் ஆட்கள் வந்தார்கள். இருட்டுக்குப் பயந்து வந்தவர்கள் இல்லை இவர்கள், பில்லுக்குப் பயந்தவர்கள். வேண்டியதும் வேறு, மாட்டுகிற சாமானும் வேறு. ஆனால் பேர் மட்டும் பழைய பேர்தான், சோலார். குழப்பம் அங்கேதான்.

மாட்டி முடித்து முதல் மின்தடை வரும் அன்று போன் வரும். “ஏனுங்க, கரண்ட் போனா இது ஓடாதுங்களா?” ஓடாது. ஈபி லைனோடு சேரும் இந்த ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் இருப்பதை உணர்ந்தால்தான் வேலை செய்யும். லைன் செத்தால் நொடியில் தானும் நின்றுவிடும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். லைன்மேன் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டுக் கம்பத்தில் ஏறியிருக்கும்போது நம் மாடியிலிருந்து மின்சாரம் போனால் அவர் கதி என்ன? இதைச் சொன்னால் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை. ஆனாலும் மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் போட்டு காலை ஒன்பது மணிக்கு நிறுத்தி, நல்ல வெயில் நேரம் முழுக்கக் கரண்ட் இல்லாத நாளில், மாடியில் இரண்டு லட்சம் ரூபாயை வைத்துக்கொண்டு விசிறியால் விசிறிக்கொள்வது யாருக்கும் கடுப்பாகத்தான் இருக்கும். அதற்கு லைனோடும் பேட்டரியோடும் சேரும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் இருக்கின்றன. விலை கையைச் சுடும். பழைய இன்வெர்ட்டரையும் ஒரு பேட்டரியையும் விளக்குக்கும் விசிறிக்கும் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். அது போதும்.

ஆகவே யார் வந்தாலும் முதலில் கேட்பது, இருட்டுக்கா பில்லுக்கா என்றுதான். பில்லுக்கு என்றால் கடந்த ஒரு வருடத்து இரண்டு மாத பில்கள் ஆறும் வேண்டும். 2016இலிருந்து முதல் 100 யூனிட் இலவசம். இனாமாக வருவதைப் பேனல் போட்டு மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. 300 யூனிட்டுக்குள் ஓட்டுகிற வீட்டுக்குச் சோலாரே வேண்டாம் என்று அனுப்பிவிடுவேன். 500 யூனிட்டைத் தாண்டினால் கடைசி யூனிட்டுகள் மட்டுமல்ல, நடுவில் இருக்கும் யூனிட்டுகளின் விலையும் ஏறும். வலி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

போன வருடம் வடவள்ளியில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியர், இரண்டு மாதத்துக்கு 800 யூனிட். 2 கிலோவாட் போட்டால் நாளுக்கு 8 யூனிட், இரண்டு மாதத்தில் 480. மீதி 320. விலை அதிகமான மேல் அடுக்கு முழுக்க வெட்டுப்படும். மூன்றாவது கிலோவாட் மேலும் 240 யூனிட் கழிக்கும்; ஆனால் அவை விலை குறைந்த அடுக்கின் யூனிட்டுகள். 2024இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின் மானியமும் அதே தொனியில்தான் பேசுகிறது: முதல் இரண்டு கிலோவாட்டுக்கு முப்பதாயிரம் வீதம் அறுபதாயிரம், மூன்றாவதுக்குப் பதினெட்டாயிரம், மொத்தம் 78,000. அதற்குமேல் எத்தனை போட்டாலும் அவ்வளவுதான். மானியம் வேண்டுமென்றால் பேனலோடு அதற்குள் இருக்கும் செல்களும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். அந்தப் பேனல் கொஞ்சம் விலை அதிகம். உங்களுக்கு இரண்டு போதுங்க சார் என்றேன்.

அவர் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு, மகள் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கப் போகிறாள், காந்திபுரத்துக்கு வேலைக்குப் போய்வர, என்றார். அது இருட்டும் இல்லை, பில்லும் இல்லை, பெட்ரோல். பேப்பரைத் திருப்பி மறுபக்கத்தில் எழுதினேன்: முழு சார்ஜுக்கு ஏறக்குறைய 3 யூனிட், தினமும் ஏற்றினாலும் ஒரு கிலோவாட்டுக்குள் அடங்கும். மூன்று கிலோவாட்டே போட்டோம்.